இமயமலைப் புல்வெளியில் பார்த்த ஊதா டெய்சி: பேர் சொல்லுங்க (படம் 4 போட்டிருக்கேன்)

ராயக்கோட்டை சாமந்தி:

எல்லாருக்கும் வணக்கம். ராயக்கோட்டைப் பக்கம் ஒன்றரை ஏக்கர்ல சாமந்தி போடுறவன் நான். இங்க இதுவரைக்கும் படிச்சுட்டுப் போறதோட சரி, எழுதினது கிடையாது. தப்பு இருந்தா பொறுத்துக்கங்க.

ஆகஸ்ட் ரெண்டாவது வாரம் அக்கா பையன் என்னை உத்தராகண்ட் கூட்டிட்டுப் போனான். ஓசூர்ல கம்பெனி வேலை அவனுக்கு. "மாமா, இருபத்திரண்டு வருஷமா பூவைக் கிலோ கணக்குலயே பாக்கறீங்க, எடை போடாத பூவை ஒரு தடவை பாருங்க"ன்னு சொல்லி டிக்கெட்டும் போட்டுட்டான். அந்த வாரம் வரலட்சுமி நோன்புக்குப் பூ அறுக்கணும். வீட்டுக்காரி பார்த்த பார்வையை இங்க எழுத முடியாது.

ஜோஷிமட் தாண்டி ஒரு எடத்துல மலை சரிஞ்சு, ஒரு பகல் பூரா ரோட்டுலயே பஸ்ஸுக்குள்ள உக்காந்திருந்தோம். அப்புறம் கோவிந்த்காட், அங்கிருந்து புல்னா வரைக்கும் ஜீப்பு, புல்னாவுலேர்ந்து காங்கரியாவுக்கு நடை. முட்டி கழண்டுபோச்சு. மறுநாள் காலையில மலர்ப் பள்ளத்தாக்கு. கேட்டுல சீட்டு வாங்கி உள்ள போனா, மொதல்ல மரம், அப்புறம் பாறை, ஓடை. அதுக்கு மேல நெஞ்சளவு ரோஸ் பூ, காசித்தும்பை மாதிரியே, ஆனா நல்ல உயரம். அதைத் தாண்டினதும் மரமே இல்லாத புல்வெளி. அங்கத்துக்காரங்க அதை புக்யால்னு சொல்றாங்க. நான் கேக்க வந்த பூ அங்கதான் இருந்துச்சு.

படம் 1, 2, 3 மூணும் அதேதான். ஊதா, கொஞ்சம் ரோஸ் கலந்த ஊதா. நடுவுல மஞ்சள். ஒரு தண்டுக்கு ஒரே பூ. தண்டு முழங்காலுக்குக் கீழதான். இதழ் ஒவ்வொண்ணும் பூ கட்டுற நூல் கனம்தான் இருக்கும். நாம போடுற சாமந்தியில ஒரு இதழைக் கிழிச்சு நாலாக்கினா வரும் பாருங்க, அப்படி. படம் 2-ல பக்கத்துல தெரியுறது என் பெருவிரல், அளவுக்காக வச்சேன். பூ பத்து ரூபா நாணயத்தைவிடக் கொஞ்சம் பெரிசு.

பையன் போன்ல ஒரு ஆப் வச்சிருக்கான், படத்தைக் காட்டினா பேர் சொல்லும்னான். மொதல் படத்துக்கு ஆஸ்டர்னுச்சு. ரெண்டாவதுக்கு எரிஜெரான்னு ஏதோ சொல்லுச்சு. மூணாவது படத்துக்கு சாமந்தின்னுடுச்சு. எங்கிட்டயேவா?

ஆஸ்டர்னா எனக்குத் தெரியாதா? பக்கத்துக் கொல்லைக்காரர் வருஷா வருஷம் போடுறார், மாலைக்கு மார்க்கெட்ல நல்லாப் போகும். அது இப்படி இருக்கவே இருக்காது.

ஒரு விஷயம் ஒத்துக்கறேன். மூணு படமும் மேலேர்ந்து எடுத்ததுதான். "தொடக்கூடாது, பறிக்கக்கூடாது, பாதையை விட்டு எறங்கக்கூடாது"ன்னு கூட வந்த கைடு பத்து தடவை சொல்லிட்டாரு. கையைக் கட்டிக்கிட்டுப் பார்த்துட்டு வந்துட்டேன். இலையும் சரியா விழல.

பேர் என்னன்னு தெரிஞ்சவங்க சொல்லுங்க. ராத்திரி படுத்தா அதே ஞாபகமா இருக்கு.

சேலம் பாசஞ்சர்:

அண்ணா இது டெய்சி. ஊட்டி, கொடைக்கானல் போனா ரோட்டோரக் கல் சுவர்ல பூரா தொங்கும். எங்க சித்தி வீட்டுத் தொட்டியிலகூட இருக்கு. இதுக்கா இமயமலை வரைக்கும் போனீங்க 😀

ராயக்கோட்டை சாமந்தி:

தம்பி, நீங்க சொல்ற சுவர்ப் பூ எனக்கும் தெரியும். ஜோஷிமட்ல நாங்க தங்கின லாட்ஜுக்குப் பின்னாடி கல் சுவர்ல இருந்துச்சு, படம் 4 அதுதான். சட்டைப் பட்டன் அளவு, மலரும்போது வெள்ளை, வாட வாட ரோஸ். நான் கேக்கறது அதை இல்லை, அதுலேர்ந்து ஒன்றரை நாள் ஏறிப் போய்ப் பார்த்ததை. சித்திக்கு வணக்கம் சொல்லுங்க.

தகடூர் டீச்சர்:

தம்பி, உங்கள் கேள்வியை இரண்டு முறை படித்தேன். தர்மபுரியில் முப்பது வருஷத்துக்கு மேல் பிள்ளைகளுக்குத் தாவரவியல் எடுத்தவள் நான். ஒரு பூவுக்காக வரலட்சுமி நோன்பு அறுவடையை விட்டுவிட்டுப் போன விவசாயியை இப்போதுதான் பார்க்கிறேன். உங்கள் வீட்டம்மா கோபப்பட்டது நியாயம்தான்.

டெய்சி என்பதை ஒரு செடியின் பேராக எடுத்துக்கொள்ளாதீர்கள், அது ஒரு சாயல். சூரியகாந்திக் குடும்பத்தில் நடுவில் வட்டமும் சுற்றிலும் இதழுமாக எது பூத்தாலும் டெய்சி என்றுதான் சொல்வார்கள். உங்கள் வரப்பிலேயே அப்படி ஐந்தாறு இருக்கும். ராகிக் கொல்லை ஓரம் மஞ்சளாகப் பூக்கிற பேயெள்ளு, உங்கள் தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் உச்செள்ளு என்பார்களே, அது ஒன்று. கரிசலாங்கண்ணி ஒன்று. வெட்டுக்காயத்துக்குக் கசக்கிப் பிழிவோமே அந்த மூக்குத்திப் பூண்டு ஒன்று. சனியன், பார்த்தீனியமும் இதே குடும்பம்தான்.

இப்போதே எழுந்து போய் ஒரு மூக்குத்திப் பூவைப் பறித்து வாருங்கள். அது காட்டுப்பூ அல்ல, களை, யாரும் கேட்க மாட்டார்கள். நகத்தால் இரண்டாகப் பிளந்து பாருங்கள். ஒரு பூ என்று நினைத்தது பூ அல்ல, ஒரு கூட்டம். ஓரத்தில் நான்கைந்து வெள்ளை இதழ் தெரிகிறதல்லவா, நுனியில் மூன்று பல்லோடு? அந்த ஒவ்வொரு இதழும் ஒரு தனிப் பூ. நடுவில் மஞ்சளாக நெருக்கிக்கொண்டு நிற்கிற ஒவ்வொரு குழலும் ஒரு தனிப் பூ. பாடப் புத்தகத்தில் இதைச் சிரமஞ்சரி என்று படித்திருப்பீர்கள். ஓரத்தில் இருப்பவை கதிர் சிறுமலர்கள். நடுவில் இருப்பவை வட்டத்தட்டு சிறுமலர்கள். இந்தக் கூட்டம் முழுவதையும் அடியில் ஒரு பச்சைக் கிண்ணம் தாங்கிப் பிடிக்கும். அந்தக் கிண்ணம் செதில் செதிலாக இருக்கும். அந்தச் செதிலில்தான் விஷயமே இருக்கிறது.

சாமந்தி போடுகிறவருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, பூ முற்றினால் நடுவில் கண் தெரியும் அல்லவா? அந்தக் கண்தான் நடுவட்டச் சிறுமலர்கள். கண் தெரியாத அடுக்குப் பூவாக ஓரத்து இதழ்களையே பெருக்கிப் பெருக்கித் தேர்ந்தெடுத்து வளர்த்தது மனிதன் கை. மலையில் நீங்கள் பார்த்ததைப் போலக் காட்டில் இருப்பவை கண்ணைத் திறந்துகொண்டுதான் நிற்கும்.

உங்கள் ஆப் சொன்ன முதல் இரண்டு பேரும் முட்டாள்தனம் அல்ல. இமயமலைப் புல்வெளியில் ஊதாவும் மஞ்சளுமாக ஒன்றைப் பார்த்தால் எடுத்த எடுப்பில் வருகிற சந்தேகம் அதுதான்: ஆஸ்டரா, எரிஜெரானா? உங்கள் பக்கத்துக் கொல்லைக்காரர் போடுவது சைனா ஆஸ்டர். அதுவும் இதே குடும்பம்தான், ஆனால் பேரினம் வேறு, காலிஸ்டெபஸ். சந்தையில் ஆஸ்டர் என்று கூப்பிட்டுப் பழகிவிட்டோம். அதை வைத்து மலை ஆஸ்டரை எடை போடாதீர்கள்.

மலையில் இந்த இரண்டையும் பிரிக்க முதலில் இதழைப் பாருங்கள். ஆஸ்டருக்குக் கொஞ்சம் அகலம், பெரும்பாலும் ஒரே வரிசை, எண்ணிவிடலாம். எரிஜெரானுக்கு நூல் மாதிரி மெலிந்து, ஒன்றுக்கு மேற்பட்ட வரிசையில், எண்ணினால் கண் கலங்கும். நீங்கள் நூல் என்று எழுதியிருப்பதால் எனக்கு எரிஜெரான் பக்கம்தான் சாய்வு. இருந்தாலும் இதழை மட்டும் நம்பிப் பேர் வைக்க மாட்டேன். மெல்லிய இதழ் உள்ள ஆஸ்டரும் அந்த உயரத்தில் உண்டு.

பின்பக்கம் வேண்டும். கிண்ணத்துச் செதில்கள் அகலமாக, இலை மாதிரி இருக்கின்றனவா, அல்லது ஊசி மாதிரி குறுகலாக, ரோமத்தோடு இருக்கின்றனவா? செதில்கள் எல்லாம் ஒரே நீளமா, மேலும் கீழுமா என்று பார்ப்பதும் ஒரு வழக்கம்தான். மலை ஆஸ்டர்களில் அது ஏமாற்றும், அதை விட்டுவிடுங்கள், அகலத்தைப் பாருங்கள். ஒரு படமாவது கீழிருந்து எடுத்தது இருக்கிறதா? மங்கலாக இருந்தாலும் பரவாயில்லை.

சேலம் தம்பி சொன்ன சுவர்ப் பூவும் எரிஜெரான்தான், எரிஜெரான் கார்வின்ஸ்கியானஸ். மெக்சிகோக்காரன். தோட்டத்துக்கென்று வந்து, சுவரேறி, நம் மலை ஊர்களிலும் அவர்கள் மலை ஊர்களிலும் தங்கிவிட்டான். படம் 4 அதுவேதான். ஆகவே தம்பி முழுக்கத் தப்பில்லை, பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டியிருக்கிறார்.

சேலம் பாசஞ்சர்:

டீச்சர் கொடுத்த அரை மார்க்குக்கு நன்றி 🙏

மலைக்கிறுக்கன் ஓசூர்:

அண்ணே, நான் அங்க மூணு தடவை போயிருக்கேன். டீச்சர் சொன்னதோட ரெண்டு விஷயம் மட்டும் சேத்துக்கறேன்.

மொதல் விஷயம், அடுத்த தடவை யார் போனாலும் இப்படிப் பண்ணுங்க. பூவைத் தொட வேண்டாம். போனை செல்ஃபி கேமராவுக்கு மாத்தி, பாதை ஓரத்துல இருக்கிற பூவுக்குக் கீழ கொண்டுபோய் மல்லாத்திப் புடிங்க. டைமர் 3 செகண்டு வச்சா கை ஆடாது. பின்பக்கம் பளிச்சுனு விழும். லென்ஸை மட்டும் தொடைச்சுக்கங்க. ஆகஸ்ட் மாசத்துல அங்க மழை நின்ன நேரம்னு ஒண்ணு கிடையாது.

ரெண்டாவது, நீங்க ஹேம்குண்ட் ஏறினீங்களா? காங்கரியா 3,000 மீட்டருக்குக் கொஞ்சம் மேல, ஹேம்குண்ட் ஏரி 4,300 சுமாரு. ஒரே நாள்ல ஏறி எறங்கணும், தலை சுத்தும். அந்த உயரத்துல இன்னொரு ஊதா டெய்சி உண்டு, ஆஸ்டர் டிப்ளோஸ்டெபியாய்டஸ். டீச்சர் பயந்த மெல்லிய இதழ் ஆஸ்டர் அதுதான்னு நினைக்கிறேன். பூ பெரிசா, நீள இதழ் எல்லாம் சோர்ந்து கீழ தொங்கும். ஆனா கண்ணு மஞ்சளா இருக்காது. ஆரஞ்சு கலந்த பழுப்பா, கருப்பு ஊதாவா இருக்கும். அண்ணன் படத்துல கண்ணு நல்ல மஞ்சள். அதனால அது அடிபட்டுப் போச்சு.

நெஞ்சளவு ரோஸ் பூன்னு எழுதியிருக்கீங்களே, அது காசித்தும்பைக்கு அண்ணன் முறைதான், இம்பேஷன்ஸ் சல்கேட்டா. அதுகூடப் பரவாயில்லை. அங்க வெள்ளையா நுரை மாதிரி பூக்குற ஒரு புதர்ச்செடி இருக்கு, மத்ததை எல்லாம் மூடிடுது. 1982-ல தேசியப் பூங்கா ஆக்கினப்புறம் ஆடு மாடு மேய விடறதில்லை. அதனாலதான் அது பெருகிடுச்சுன்னு ஒரு கட்சி, அதுக்கும் இதுக்கும் சம்பந்தமில்லைன்னு ஒரு கட்சி. வனத்துறை ஆளுங்க அதை வேரோட புடுங்கிப் போட்டுக்கிட்டு இருந்ததை நானே பார்த்தேன். உங்க டெய்சி மாதிரி முழங்கால் உயரப் பூவுக்கு வெயில் விழற குட்டைப் புல்லுதான் ஒத்துவரும், அந்தப் புதருக்கடியில பொழைக்காது.

ராயக்கோட்டை சாமந்தி:

டீச்சர், உங்க பதிலைப் படிச்சுட்டு எனக்கு எம்மேலயே கோவம் வந்துடுச்சு. ஏன்னு சொல்றேன்.

விடிகாலை மூணு மணிக்கு மூட்டையை எடுத்துட்டுப் போறோம். வியாபாரி மூட்டையைப் பிரிச்சு கையை உள்ள விட்டு நாலு பூவை எடுப்பான். எடுத்ததும் என்ன செய்வான்னு நெனைக்கிறீங்க? பூவோட மூஞ்சியைப் பாக்கவே மாட்டான், கவுத்துப் போட்டு அடியைத்தான் பாப்பான். பச்சை பச்சையா இருந்தா இன்னைக்கு அறுத்தது. ஓரம் பழுப்பு ஏறியிருந்தா நேத்து அறுத்து தண்ணி தெளிச்சுக் கொண்டாந்தது. மேல என்னதான் பளபளன்னு இருந்தாலும் அடி பொய் சொல்லாது. எங்க அப்பா எனக்குக் கத்துக்குடுத்த மொத பாடமே அதுதான். அப்பேர்ப்பட்டவன், 3,400 மீட்டர் ஏறிப் போயி, புதுப் பொண்ணைப் பார்த்த மாதிரி மூஞ்சியையே படம் புடிச்சுட்டு வந்திருக்கேன்.

சரி, விஷயத்துக்கு வர்றேன். நேத்து ராத்திரி பையன்கிட்ட இருந்த மொத்தத்தையும் லேப்டாப்புல போட்டுப் பார்த்தோம். படத்துல ஒண்ணும் ஆகல. ஆனா அவன் எடுத்த ஒரு வீடியோ இருந்துச்சு, நான் நடந்து போற மாதிரி. ஓரத்துல நம்ம பூ நாலஞ்சு நிக்குது. பனிமலைப் பக்கத்துலேர்ந்து ஒரு காத்து அடிக்குது, எல்லாப் பூவும் ஒரு சேரக் கவுந்து மறுபடி நிமிருது. ஒரு செகண்டுகூட இருக்காது. நான் செய்ய மறந்ததைக் காத்து செஞ்சு காட்டியிருக்கு. அங்க நிறுத்திப் படமா எடுத்தோம், படம் 5 பாருங்க.

மங்கல்தான். கண்ணுக்குத் தெரியறதைச் சொல்றேன். இலை மாதிரி அகலம் எதுவும் இல்லை. சீப்புப் பல்லு மாதிரி குறுகலா, நெருக்கமா நிக்குது. பச்சைதான், ஆனா நுனிப்பக்கம் கருஞ்சிவப்பா, நாவப்பழம் தின்ன நாக்கு கலர்ல இருக்கு. மேல பூனைமயிர். அந்த மயிருல மழைத்தண்ணி சின்னச் சின்னத் துளியா ஒட்டிக்கிட்டு வெள்ளையாத் தெரியுது. பூவுக்குக் கீழ தண்டுலயும் அதே மயிர் இருக்கு.

இதழையும் எண்ணினேன். படம் 1-ஐப் பெரிசாக்கி, நடுவுல குறுக்கும் நெடுக்கும் கோடு போட்டு நாலு பாகமாக்கி, ஒரு பாகத்தை மட்டும் எண்ணினேன். 34. என் வீட்டுக்காரி எண்ணினா 35. அப்ப மொத்தம் 130-க்குக் கொறையாது. ஒண்ணு மேல ஒண்ணு ஏறி நிக்குது, ஒரே வரிசை இல்லை. அகலத்துக்கு என் பெருவிரலே ஸ்கேல். நகத்தை அளந்தேன், 16 மில்லிமீட்டர். படம் 2-ல ஒரு இதழோட அகலம் அந்த நகத்துல இருபதுல ஒரு பங்கு வருது. அப்ப ஒரு மில்லிமீட்டருக்கும் உள்ளதான்.

ஓசூர் தம்பி, ஹேம்குண்ட் ஏறினோம். குருத்வாராவுல குடுத்த கிச்சடியும் சுடச்சுட டீயும் இல்லைன்னா நான் திரும்பி வந்திருக்க மாட்டேன். நீங்க சொன்ன கருப்புக் கண்ணு ஆஸ்டரை நான் பாக்கல, பார்த்திருந்தாலும் அப்ப எனக்குக் கண்ணே தெரியல. பிரம்ம கமலம் மட்டும் பாறை இடுக்குல நெறைய பார்த்தேன்.

மூக்குத்திப் பூவையும் பிளந்து பார்த்தேன் டீச்சர். என் வயசு 47. இத்தனை வருஷமா அதைக் களைக்கொத்தியால கொத்திக் கொத்திப் போட்டிருக்கேன், உள்ள இப்படி ஒரு ஊரே இருக்கும்னு தெரியாது.

தகடூர் டீச்சர்:

34-க்கும் 35-க்கும் வீட்டில் சண்டை வரவில்லையே? தம்பி, என் வகுப்பில் நீங்கள் இருந்திருந்தால் செய்முறைத் தேர்வுக்கு முழு மதிப்பெண் போட்டிருப்பேன்.

உங்கள் பூ எரிஜெரான் மல்டிரேடியேட்டஸ். மல்டிரேடியேட்டஸ் என்றால் பல கதிர் உடையது. நூறைத் தாண்டும் இதழ்கள், ஒரு மில்லிமீட்டருக்கும் குறைந்த அகலம், ஒன்றுக்கு மேற்பட்ட வரிசை, மஞ்சள் கண், தண்டுக்குப் பெரும்பாலும் ஒற்றைத் தலை, கிண்ணத்தில் குறுகலான ரோமச் செதில், அதில் கருஞ்சிவப்புச் சாயம், எல்லாம் பொருந்துகிறது. நீங்கள் பார்த்த உயரமும் மாதமும்கூடப் பொருந்துகின்றன. ஆப்கானிஸ்தான் தொடங்கி இமயமலை நெடுக, சீனாவின் தென்மேற்கு மலைகள் வரைக்கும் இருக்கிற செடி இது.

அந்தப் பூனைமயிரைக் கவனித்தீர்களே, அதற்காகவே இன்னொரு பத்தி எழுதுகிறேன். மரம் நின்றுபோகிற உயரத்துக்கு மேலே பகலில் சுள்ளென்று வெயில், ராத்திரியில் உறைகிற குளிர், எந்நேரமும் காற்று. ரோமம் செடியைச் சுற்றிக் கொஞ்சம் காற்றை அசையாமல் பிடித்து வைக்கும், நாம் கம்பளி போர்த்துகிற மாதிரி. உயரமும் கம்மி, ஏனென்றால் வளர்ந்தால் காற்று ஒடித்துவிடும். பனி உருகி மறுபடி விழுவதற்குள் முளைத்து, பூத்து, விதை தள்ளியாக வேண்டும், கையில் நான்கைந்து மாதம்தான். அங்கே எல்லாப் பூவும் ஒரே நேரத்தில் பூத்துக் குலுங்குவதாக நாம் வியக்கிறோம், அதுகளுக்கு வேறு நேரமே இல்லை.

எரிஜெரான் என்ற பேருக்கு என்ன அர்த்தம் தெரியுமா? கிரேக்கத்தில் எரி என்றால் சீக்கிரம், ஜெரான் என்றால் கிழவன். சீக்கிரமே கிழவனானவன். பூ முடிந்ததும் விதையோடு வெள்ளை மயிர்க்குஞ்சம் வந்து தலை நரைத்துவிடும், அதனால் வைத்த பேர்.

பிரம்ம கமலத்தைப் பார்த்தேன் என்று ஒரே வரியில் தாண்டிவிட்டீர்கள். அதுவும் இதே சூரியகாந்திக் குடும்பம்தான் என்றால் நம்புவீர்களா? வெளிறிய மஞ்சளில் காகிதம் மாதிரி குவிந்திருக்கிறதே, அது இதழ் அல்ல, இலைச்செதில். அதைப் பிரித்தால் உள்ளே சின்னச் சின்னதாக ஊதாத் தலைகள் இருக்கும், அவைதான் பூ. குளிருக்கு அந்தச் செதிலே வீடு. நம் ஊரில் ராத்திரி பூத்ததும் பிரம்ம கமலம் என்று வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் போடுகிறார்களே, அது கள்ளிச்செடி, நிஷாகந்தி. இரண்டுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. வருஷா வருஷம் என் தங்கைக்கு இதைச் சொல்லி, வருஷா வருஷம் தோற்றுப்போகிறேன்.

பாலக்கோடு தக்காளி:

அண்ணா சூப்பர். ஒரே ஒரு கேள்வி. விதை ஏதாவது கொண்டாந்தீங்களா? நம்ம ஓசூர் பக்கம் பாலிஹவுஸ்ல போட்டா பெங்களூர்ல அள்ளிக்கிட்டுப் போவாங்க. தக்காளி வெலை இருக்கிற இருப்புக்கு வேற எதையாவது பாக்கணும்.

ராயக்கோட்டை சாமந்தி:

தம்பி, உண்மையைச் சொல்றேன். கை துறுதுறுன்னுச்சு. சாமந்திக்காரன் புத்தி, அடியில பக்கக் கன்னு இருக்கான்னுதான் மொதல்ல கண்ணு போச்சு. ஒரு துண்டு கிள்ளி ஈரத் துணியில சுத்தினா ஊரு வந்து சேந்துடும்னு மனசு கணக்குப் போட்டுச்சு. கைடு என்னையே பார்த்துக்கிட்டு இருந்தாரு. என் மூஞ்சியிலயே எழுதி ஒட்டியிருந்துச்சு போல. வெறுங்கையோடதான் வந்தேன்.

தகடூர் டீச்சர்:

நல்ல வேளை. தேசியப் பூங்காவுக்குள் ஒரு செடியைக் கிள்ளினாலும் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். சட்டம் கிடக்கட்டும், இங்கே பிழைக்கவும் பிழைக்காது. ஓசூர் சுமார் 900 மீட்டர் உயரம். நமக்கு அது குளிர், அந்தச் செடிக்கு அடுப்பு. பல மாசம் பனிக்கடியில் தூங்கி எழுந்து பழகிய செடியைக் கிருஷ்ணகிரி மாவட்டத்தின் ஏப்ரல் மாசத்தில் எங்கே கொண்டுபோய் ஒளிப்பீர்கள்? பாலக்கோடு தம்பி, சாமந்திக்கே ராத்திரியில் பல்பு போட்டுப் பகலை நீட்டிப் பூ வருகிற நாளைத் தள்ளிவைக்கிற வித்தை நம் ஊர் பாலிஹவுஸ்காரர்களுக்குக் கைவந்திருக்கிறது. அதைக் கற்றுக்கொள்ளுங்கள், காசு அதில் இருக்கிறது.

ராயக்கோட்டை சாமந்தி:

நன்றி டீச்சர். பேரை அஞ்சு தடவை சொல்லிப் பார்த்தேன், நாக்குல நிக்க மாட்டேங்குது. சீக்கிரக் கிழவன்கிறது மட்டும் நின்னுடுச்சு. எனக்கு முப்பது வயசுலயே தலை பூரா நரைச்சுடுச்சு. எங்க அம்மாகிட்ட இந்தப் பேரோட அர்த்தத்தைச் சொன்னேன். "அப்ப உன் சொந்தக்காரனைத்தான் பாக்கப் போனியா"ங்குது.

படம் 5-ஐப் பெரிசா பிரிண்ட் போட்டு, பம்ப் செட் ரூமுல மாட்டியாச்சு. கவுந்த பூ படத்தை எதுக்கு மாட்டியிருக்கீங்கன்னு வர்றவன் எல்லாம் கேக்கறான்.

மருமகன் (அந்த டிக்கெட் போட்டவன்):

எல்லாருக்கும் வணக்கம். மாமா ஒரு விஷயத்தை மறைச்சுட்டார், நானே சொல்லிடறேன். அந்த வீடியோவை அன்னைக்கு ராத்திரியே காங்கரியாவுல காட்டினேன். "என் முதுகுதான்டா தெரியுது, போன்ல எடம் அடைக்கும், அழிச்சுடு"ன்னார். நான்தான் அழிக்கல.

ராயக்கோட்டை சாமந்தி:

சரிடா. நாளைக்கு மூட்டையோட உங்க அம்மாவுக்கு ரெண்டு கிலோ மஞ்சள் சாமந்தி வருது, வாங்கிக்கச் சொல்லு. கவுத்துப் பாக்கச் சொல்லாத, நேத்து அறுத்தது.